கட்டை மாறினால் பாட்டு மாறுமா?

பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குச் செல்லும் சாலையிலே, ஒருபுறம் புத்தளம் கடனீரேரியும் மறுபுறம் பெருங்கடலும் அணைத்து நிற்க, மணலும் தென்னையுமாய்க் கிடப்பது மாம்புரி. இந்நாளில் அவ்வூர்க் கரையிலே காற்றாலைகளும் சுழல்கின்றன. சென்ற பள்ளி விடுமுறையில், என் சிற்றப்பா மகனுடைய இல்லத்தில் ஒரு வாரம் தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்ட ஒரு சிறு நிகழ்ச்சியையும், அது என் உள்ளத்திலே எழுப்பிய கேள்வியையுமே இவ்வாரம் நேயர்களுக்குச் சொல்லப் புகுகின்றேன்.

மாலைச் செபம் முடிந்ததும் அவ்வீட்டார் ஒரு பாட்டுப் பாடுவது வழக்கம். தம்பி ஆர்மோனியத்தை இழுத்து வைத்துக்கொள்வான். என் சின்னம்மா பாயில் அமர்ந்தபடியே தொடையில் தாளம் போடுவார். தம்பியின் மகளுக்கு வயது 12. அவளும் உடன் அமர்ந்திருப்பாள்; உதடுகள் அசையும்; குரல் மட்டும் கேட்காது. மூன்று நாட்கள் கவனித்த பின்னர், "ஏன் பிள்ளை, நீ பாடுவதில்லையா?" என்று கேட்டேன்.

"எனக்குக் குரல் இல்லைப் பெரியப்பா. பள்ளிக்கூடத்துக் குழுப்பாட்டிலே வாயை மட்டும் அசைத்தாற் போதும் என்று சொல்லிவிட்டார்கள்," என்றாள்.

அவள் அதை வருத்தத்தோடு கூடச் சொல்லவில்லை. தன் உயரம் இவ்வளவு என்று சொல்வதைப் போலச் சொன்னாள். அதுதான் என்னைச் சுட்டது.

குரலே இல்லாத பிள்ளையா அவள்? கிணற்றடியில் தன் தோழியை அவள் கூப்பிட்ட குரல் மூன்று வளவுக்கு அப்பாலும் கேட்டதை நான் அறிவேன். அப்படியானால் குற்றம் குரலில் இல்லை, வேறெங்கோ இருக்கின்றது.

ஆர்மோனியத்தின் வெள்ளைக் கட்டைகளை நம்மவர் ஒன்று முதல் ஏழு வரை எண்ணுவர். கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நாலரை, ஐந்தரை, ஆறரை எனப் பெயர் பெறும். மூன்றுக்கும் நான்குக்கும் இடையே கறுப்புக் கட்டை இன்மையால் மூன்றரைக் கட்டை என்று ஒன்று இல்லை. இவற்றுள் எதனை ஷட்ஜமாகக் கொண்டு தொடங்கினாலும் பாட்டு அதே பாட்டுத்தான். ஏனெனில் மெட்டு என்பது சுரங்களின் உயரத்தில் இல்லை. ஒரு சுரத்துக்கும் அடுத்த சுரத்துக்கும் உள்ள இடைவெளியில் இருக்கின்றது. ஏணியைப் பள்ளத்தில் நிறுத்தினாலும் மேட்டில் நிறுத்தினாலும் படிகளின் இடைவெளி மாறுவதில்லை அல்லவா?

ஏணி மாறாது, ஏறுகின்றவரின் நிலைதான் மாறும். ஆடவர் பெரும்பாலும் ஒரு கட்டை, இரண்டு கட்டையை ஒட்டிப் பாடுவர். பெண்டிர் பலர்க்கு நாலரை முதல் ஆறு கட்டை வரை இசையும். என் தம்பி பாடுவது ஒரு கட்டையில். அந்தப் பாட்டோ மந்திர ஸ்தாயிப் பஞ்சமம் வரை இறங்கி, மேல் ஷட்ஜம் வரை ஏறுவது. தந்தைக்கு அது செருப்பைப் போலப் பொருந்துகின்றது. மகள் அதே கட்டையில் ஒரு ஸ்தாயி மேலே நின்று பாடுகின்றாள். ஆயினும் கீழ்ப் பஞ்சமத்துக்கு வரும்போது அவளிடம் காற்றுத்தான் வருகின்றது, நாதம் வருவதில்லை. இன்னொரு ஸ்தாயி மேலே போனாலோ தொண்டை கீச்சிடும். முதலடியே கீழ்ச் சுரத்தில் தொடங்குவதால், வாய் திறந்தவுடனே பிள்ளை தோற்றுப்போகின்றாள். பள்ளிக்கூடத்திலும் சொல்லிக்கொடுத்தவரின் தொண்டைக்கு ஏற்ற கட்டையே பிள்ளைகளின் கட்டையாக இருந்திருக்கக் கூடும். இப்படி வாயடைத்துப்போன பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேரோ!

பாட்டைக் குரலுக்கும் கருவிக்கும் ஏற்ப அமைப்பது பாட்டின் தூய்மையைக் கெடுப்பது என்று எண்ணுவோர் உளர். நமது இசையின் வரலாறு அவ்வாறு கூறவில்லை. வயலின் மேனாட்டுக் கருவி. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் அதனைக் கற்று நம் இசைக்குக் கொணர்ந்தார். மேனாட்டார் அதன் நான்கு தந்திகளுக்கும் மாறாத உயரங்களை வைத்திருக்கின்றனர். நம் வித்துவான்களோ அவற்றை ஷட்ஜமும் பஞ்சமமுமாக இரண்டு இணைகளாக்கி, பாடுகின்றவரின் சுருதி எதுவோ அதற்கே கூட்டிக்கொள்கின்றனர். நின்றபடி தோளில் தாங்கி வாசித்த கருவியைத் தரையில் அமர்ந்து, அதன் தலைப்பை வலக்காலின் கணுவருகே ஊன்றினர். இடக்கை சுமையின்றித் தந்தியில் வழுக்கிச் செல்லவே, கமகம் தடையின்றி வந்தது. பாட்டின் உயிர் கமகம் எனத் தெளிந்து, அதைக் காப்பதற்காகக் கருவியையும் இருக்கையையும் மாற்றினார்கள்.

முத்துசுவாமி தீட்சிதரே (1775–1835) மறுதிசையில் ஒரு வேலை செய்தார். ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியத்தில் கேட்ட மெட்டுகளுக்குச் சமஸ்கிருத சாகித்தியம் அமைத்து, ஏறத்தாழ 40 நோட்டுஸ்வரப் பாடல்களை ஆக்கினார். ஊதுகுழலுக்கும் பறைக்கும் எழுந்த மெட்டு இன்று சங்கீத வகுப்பிலே சிறு பிள்ளைகளின் வாயில் விளையாடுகின்றது.

நாகசுவரத்திலும் இதைக் காணலாம். திமிரி என்னும் குட்டை நாகசுவரத்தின் சுருதி உயர்ந்தது. டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956) சுருதி தாழ்ந்த பாரி நாகசுவரத்தைக் கைக்கொண்டு, அதன் கம்பீரத்தால் ராக ஆலாபனைக்கு அகன்ற வழி திறந்தார். ஆர்மோனியமோ வேறு வகை. அதன் ஒவ்வொரு கட்டையும் ஒரே சுரத்தில் நிலைத்து நிற்பது. சுரத்திலிருந்து சுரத்துக்கு வழுக்கிச் செல்ல அதற்கு வழியில்லை. அது பற்றியே 1940-இல் அகில இந்திய வானொலி அதனை விலக்கிப் பல்லாண்டுகள் வெளியே நிறுத்தியிருந்தது. ஆனால் எல்லோரும் சேர்ந்து பாடும் எளிய மெட்டுக்கு அதனினும் உற்ற துணை வேறு ஏது? ஆகவே, எந்தக் கருவி உயர்ந்தது என்பதன்று கேள்வி. இந்தப் பாட்டில் எதனைக் காக்க வேண்டும், அதனை இந்தக் கருவி காக்குமா என்பதே கேள்வி.

இதற்குச் சான்று தேடித் தஞ்சாவூர் வரை போக வேண்டியதுமில்லை. மாம்புரியிலிருந்து கடனீரேரியைச் சுற்றிக்கொண்டு சென்றால், புத்தளம் நகரை அடுத்துச் சிராம்பியடி இருக்கின்றது. ஆபிரிக்க வழிவந்த காப்பிரி மக்கள் அங்கு வாழ்கின்றனர். அவர்கள் பாடும் மஞ்சாப் பாட்டுகளின் மொழி, போர்த்துக்கேயத்தை வேராகக் கொண்ட பழைய கலப்பு மொழி. பாட்டு மெல்லத் தொடங்கி வரவர விரையும். கண்ணாடிப் போத்தலைக் கரண்டியால் தட்டுவர், சிரட்டைகளை ஒன்றோடொன்று மோதுவர், றபானும் சேரும். வீட்டிலே கிடைத்தவையெல்லாம் வாத்தியங்களாயின. இவ்வகைத் துள்ளலிசையைத்தான் வாலி பாஸ்டியன் (1914–1985) சிங்களச் சொற்களில் இறக்கிப் பைலாவாகப் பரப்பினார். பின்னர் ஏ. ஈ. மனோகரன் அதனைத் தமிழ் மேடைக்குக் கொணர்ந்தார். தமிழ்நாட்டார் அவரைச் 'சிலோன் மனோகர்' என்றே அழைத்தனர். மொழி மாறிற்று, கருவி மாறிற்று, பாடுவோர் மாறினர். ஆறு எண்ணிக்கையில் துள்ளும் அந்த நடை மட்டும் மாறவில்லை. அது போயிருந்தால் பாட்டே போயிருக்கும்.

இவற்றையெல்லாம் தம்பியிடம் சொன்னேன். "அப்படியானால் நாலு கட்டைக்குப் போவோமா, அண்ணன்?" என்றான். சொல்வது எளிது, அவன் விரல்களோ 20 ஆண்டுகளாக ஒரு கட்டையையே அறிந்தவை. அங்கே அந்த மெட்டு வெள்ளைக் கட்டைகளிலேயே முடிந்துவிடும். நாலு கட்டைக்கு வந்தால் மத்திமம் ஆறரைக் கறுப்புக் கட்டையிலே விழும். பிற்பகல் முழுவதும் தடுமாறித் தடுமாறிப் பழகினான்.

இன்னொரு சிக்கலும் இருந்தது. நாலு கட்டையில் மேல் ஷட்ஜம் தம்பிக்கு எட்டாது, எட்டினாலும் கூச்சலாகும். மகளைப் பாடவைக்கத் தந்தையை ஊமையாக்குவதா? பாட்டை மீண்டும் ஒருமுறை பார்த்தோம். சரணங்கள் கீழே இறங்கி மேலே ஏறுகின்றன; பல்லவியோ ஷட்ஜத்துக்கும் பஞ்சமத்துக்கும் இடையிலேயே நிற்கின்றது. அந்த இடம் தந்தைக்கும் எளிது. முதுமையில் குரல் தாழ்ந்துபோன சின்னம்மாவுக்கும் எளிது. எனவே சரணத்தை மகள் தனித்துப் பாடுவது, பல்லவியை எல்லோரும் சேர்ந்து எடுப்பது என்று வகுத்தோம். மேனாட்டுக் குழுவினர் சொப்பிரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் என நான்கு குரல்களுக்கு நான்கு வழி வகுப்பதன் உட்பொருளும் இதுவே: ஒருவர்க்கு எட்டாத இடத்தை மற்றவர் தாங்குவது.

அன்று மாலை அவள் பாடினாள். முதற் சரணத்தில் ஓரிடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தித் தந்தையைப் பார்த்தாள். அவன் ஆர்மோனியத்தை நிறுத்தாமலே தலையசைத்தான். இரண்டாம் சரணத்தில் உடையவில்லை. சின்னம்மா தாளத்தை மறந்துவிட்டார். பல்லவி வந்தபோது அவரும் சேரத் தவறிவிட்டு, "இது நம்முடைய பாட்டுத்தானா?" என்று கேட்டார்.

ஆம், அதே பாட்டுத்தான். ஒரு சுரமும் மாறவில்லை; ஏணி நின்ற இடம் மட்டுமே மாறியது.

பெற்றோரே, ஆசிரியப் பெருமக்களே! பிள்ளைக்குக் குரல் இல்லை எனத் தீர்ப்புச் சொல்லுமுன், கட்டையை ஒருமுறை மாற்றிப் பாருங்கள். மாணவ நேயர்களே! உங்களுக்கு எட்டவில்லை என்று கைவிட்ட பாட்டு ஏதேனும் இருந்தால், அதனை இன்றே வேறொரு கட்டையில் தொடங்கிப் பாருங்கள். தொண்டை இறைவன் தந்தது. கட்டை நாம் வைத்தது. இரண்டில் எளிதாக மாற்றத்தக்கது எது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.