வசவுப் பெயர் போகட்டும், வழங்கும் பெயர் வரட்டும்

பெறுநர்:
கள இயக்குநர்,
களக்காடு முண்டந்துறை புலிகள் காப்பகம்,
திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய கள இயக்குநர் அவர்களுக்கு,

பாபநாசத்திலிருந்து எழுதுகிறேன். களா மரத்தைத் தல விருட்சமாகக் கொண்டு, சாமியையே முக்களாலிங்கர் என்று கும்பிடுகிற ஊர் இது. செடிகொடிகளின் பெயர் எங்களுக்கு லேசான விஷயமல்ல.

2024 ஜூலையில் மாட்ரிட் நகரில் பன்னாட்டுத் தாவரவியல் மாநாடு கூடியது. 'காஃப்ரா' என்ற அடைமொழியோடு இருந்த இருநூறுக்கும் மேற்பட்ட தாவர, பூஞ்சை, பாசிப் பெயர்களை 'ஆஃப்ரா' என்று திருத்த அங்கே முடிவானது. ஆதரவாக 351 வாக்குகள், எதிராக 205. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்கள் மீது வீசப்பட்ட வசவின் வேர் 'காஃப்ரா' என்ற சொல்லில் இருக்கிறது. பெயர் மாறிய மரங்களுள் ஒன்றான எரித்ரினா ஆஃப்ரா, நம் முள்முருங்கையின் நெருங்கிய சொந்தம். அதே மூவிலை, அதே முள், அதே சிவந்த பூ. சளி பிடித்த பிள்ளைக்கு முள்முருங்கை இலையை அரிசியோடு அரைத்து அடை சுட்டுக் கொடுக்கிற நமக்கு, அந்த மரத்தின் உறவுக்கு ஏற்பட்ட இழிவு அந்நியமாகத் தெரியக் கூடாது.

பெயரை மாற்றினால் நூல்களிலும் பட்டியல்களிலும் குழப்பம் வரும் என்று எதிர்த்தவர்கள் சொன்னார்கள். அது நியாயமான கவலை. ஆனால் வகைப்பாடு மாறும்போதெல்லாம் பெயர்கள் மாறியே வருகின்றன. அக்கேசியா என்று படித்த கருவேலம் இன்று வாச்செலியா. புரோசோபிஸ் என்று படித்த சீமைக் கருவேலம் இன்று நெல்டுமா. ஆய்வு வசதிக்காக இத்தனை மாற்றத்தை ஏற்றவர்கள், மனித மரியாதைக்காக ஓரெழுத்தை விடத் தயங்க வேண்டியதில்லை.

தமிழருக்கும் இந்த வலி தெரியும். பறையர் என்ற சமூகப் பெயரை ஆங்கிலேயர் 'பரையா' ஆக்கி, ஒதுக்கப்பட்டவர் என்று அதற்குப் பொருள் கொடுத்து, பருந்துக்கும் தெருநாய்க்கும் சூட்டினார்கள். பறவை நூல்களில் 'பரையா கைட்' என்றிருந்த பருந்து இன்று 'பிளாக் கைட்'. இதனால் பறவையியல் நின்றுவிடவில்லை. 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். அந்த அக்கறை வனத்துறைப் பதிவேடுகளுக்கும் வர வேண்டும்.

எதை மாற்றுவது என்பதில் நிதானம் தேவை. பீநாறி மரத்தின் பெயர் முகம் சுளிக்க வைக்கலாம். அது வாடையைச் சொல்கிறது, எந்த மனிதரையும் வையவில்லை. பேய்ப்புடலும் நாயுருவியும் அப்படித்தான். அவற்றில் கை வைக்க வேண்டாம்.

நம்மை ஆண்டவர்களின் பெயர் தாங்கிய செடிகள் வேறு வகை. பொதிகையின் செங்குத்துப் பாறைகளில் வளரும் வரைக்கமுகுக்குத் தாவரவியல் பெயர் பெண்டிங்கியா கொண்டபன்னா. பெண்டிங்க் பிரபு 1803 முதல் மதராஸ் ஆளுநர். 1806 வேலூர்ப் புரட்சிக்குப் பின் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டவர். பின்னாளில் தலைமை ஆளுநராகி 1829இல் உடன்கட்டை ஏறுவதைத் தடை செய்தவர். அந்தப் பெயர் யாரையும் வசைபாடவில்லை, இருக்கட்டும். அது ஒன்றே அந்த மரத்தின் பெயர் என்று ஆகிவிடுவதைத்தான் ஏற்க முடியவில்லை.

ஆரோக்கியப்பச்சையைப் பாருங்கள். 1987இல் அகத்தியமலையின் கேரளப் பக்கத்தில், களைப்புத் தீர்க்கும் அந்தச் செடியை ஆய்வாளர்களுக்குக் காட்டியவர்கள் காணிப் பழங்குடி மக்கள். அதிலிருந்து 'ஜீவனி' என்ற மருந்து வந்தது. செடியின் தாவரவியல் பெயரிலோ இலங்கையும் திருவிதாங்கூரும் இருக்கின்றன, காணிகள் இல்லை.

லத்தீன் பெயரை மாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்பது தெரியும். அது பன்னாட்டு மாநாட்டின் வேலை. அடுத்தது 2029இல் கேப் டவுனில் கூடுகிறது. தங்களால் முடிந்த மூன்றைக் கேட்கிறேன்.

ஒன்று, காப்பகத்தின் தாவரப் பட்டியல்களையும் பழைய பதிவேடுகளையும் ஒருமுறை சலித்துப் பாருங்கள். சாதியையோ இனத்தையோ இழிவுபடுத்தும் நாட்டுப் பெயர் இருந்தால் புழக்கத்திலிருந்து எடுத்துவிட்டு, பழைய வடிவத்தை ஆய்வாளர்களுக்கான குறிப்பில் மட்டும் வையுங்கள்.

இரண்டு, மயிலாறு, சேர்வலாறு, இஞ்சிக்குழி காணிக் குடியிருப்புகளின் பெரியவர்களோடு உட்கார்ந்து அவர்கள் வழங்கும் பெயர்களைக் கேட்டுப் பதியுங்கள். பெயர் போதும், மருந்துப் பயனை அவர்கள் சம்மதமின்றி அச்சேற்ற வேண்டாம். அந்த அறிவு அவர்களுடைய சொத்து.

மூன்று, காப்பகத்தில் மரத்துக்குப் பலகை வைக்கும் இடமெல்லாம் காணிப் பெயரும் தமிழ்ப் பெயரும் மேலே, லத்தீன் பெயர் கீழே இருக்கட்டும். சொன்னவரின் ஊர்ப் பெயரையும் அவர் விரும்பினால் சேருங்கள்.

ஆடி அமாவாசைக்கு காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு வரும் கூட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். அத்தனை பேர் கண்ணிலும் படும் வகையில் முதல் பலகைகளை அந்தப் பாதையில் வைத்துத் தொடங்குங்கள். ஊர் மக்கள் நாங்கள் துணை நிற்போம்.

இப்படிக்கு,
பாபநாசம் ஊர்க்காரன்