படவீழ்த்தி விற்பவர் சொல்ல வேண்டிய எண்

வீட்டிலேயே பெரிய திரை கட்டிப் படம் பார்க்கும் வழக்கம் பரவியதன் பயனாக, புரொஜெக்டர் என்று நாம் அழைக்கும் படவீழ்த்திகள் பழைய பொருளாகவும் விலைக்குக் கிடைக்கின்றன. புதியது வாங்க வசதியில்லாத பள்ளிக்கும் நூலகத்துக்கும் இது நல்ல செய்தியே. வில்லைகளும் கண்ணாடிகளும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியவை. அவற்றைக் குப்பையில் எறிவது அறியாமை.

ஆனால் விற்கும் முறை எனக்கு உடன்பாடன்று. 'ஒளி 2,000 லூமென்' என்று அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருப்பதை அப்படியே விளம்பரத்திலும் எழுதிவிடுகிறார்கள். அந்த எண் கருவி புதிதாக இருந்த நாளுக்கு உரியது. நான்காண்டு ஓடிய கருவிக்கு அதைச் சொல்வது, நாற்பது வயது மாப்பிள்ளையின் இருபது வயதுப் புகைப்படத்தைப் பெண்வீட்டாரிடம் காட்டுவது போன்றதாகும்!

ஏன் என்று பார்ப்போம். பழைய படவீழ்த்திகள் பலவற்றில் இருப்பது மீஉயர் அழுத்தப் பாதரச விளக்கு. பிலிப்ஸ் நிறுவனம் 1995-இல் அறிமுகப்படுத்திய வகை இது. சிறிய குவார்ட்ஸ் குமிழ் ஒன்றினுள் பாதரச ஆவி ஏறத்தாழ 200 வளிமண்டல அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. இரண்டு டங்ஸ்டன் மின்வாய்களுக்கு இடையே, சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளியில் மின்வில் எரிகிறது. ஒளிமூலம் இப்படிப் புள்ளிபோல் சிறிதாக இருந்தால்தான் ஒளியைத் திரட்டி வில்லை வழியே செலுத்த முடியும். நாளடைவில் மின்வாய்கள் தேய்கின்றன, இடைவெளி அகல்கிறது, ஒளியில் ஒரு பகுதி வில்லைக்குள் நுழையாமலேயே வீணாகிறது. ஆவியாகும் டங்ஸ்டன் குமிழின் உட்சுவரில் படிந்து கருமை உண்டாக்குகிறது. குவார்ட்ஸும் கடும் வெப்பத்தால் பால்போல் வெளுத்து மங்குகிறது.

விளக்கின் ஆயுள் 3,000 மணி என்றால், அதுவரை ஒரே ஒளி தந்துவிட்டுத் திடீரென்று அவிந்துபோகும் என்று எண்ணிவிடாதீர்கள். ஒளி பாதியாகக் குறையும் காலத்தையே பொதுவாக ஆயுள் எனக் கணக்கிடுகிறார்கள். நாளொன்றுக்கு 2 மணி நேரம் படம் பார்க்கும் வீட்டில் இது 1,500 நாள்கள். நான்கு ஆண்டுகளுக்குச் சற்று மேல்.

"வாங்குபவர் தம் கண்ணால் பார்த்துத்தானே வாங்குகிறார்?" என்று விற்பவர்கள் கேட்பதுண்டு. கண் அருமையான உறுப்புதான். ஆனால் அளவுகோல் அன்று. ஒளி பாதியானால் அது கண்ணுக்குப் பாதியாகத் தெரிவதில்லை. சற்றே மங்கியதாகத்தான் தெரியும். இருட்டறையில் கண்மணியின் பாவையும் விரிந்துகொடுக்கும். மாலையில் விளக்கை அணைத்துவிட்டுக் காட்டினால் எந்தக் கருவியும் அழகாகவே இருக்கும்!

பகலில் வகுப்பறையில் நடப்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நீள அகலம் 16:9 என்ற விகிதத்தில், மூலைவிட்டம் 100 அங்குலம் உள்ள திரையின் பரப்பு சுமார் 2.76 சதுர மீட்டர். 2,000 லூமென் ஒளி அதன்மீது பரவினால் 725 லக்ஸ். சன்னல் வழியே 100 லக்ஸ் வெளிச்சம் திரைமீது விழுவதாகக் கொள்வோம். படத்தின் கறுப்புப் பகுதிக்கும் இந்த 100 உண்டு. எனவே வெள்ளைக்கும் கறுப்புக்கும் உள்ள விகிதம் 825-க்கு 100. எட்டு மடங்குக்கு மேல். விளக்கு பாதியாகத் தேய்ந்திருந்தால் 462-க்கு 100; ஐந்து மடங்குகூட இல்லை. தவளையின் இதயப் படத்தில் உள்ள மெல்லிய கோடு கடைசிப் பெஞ்சு மாணவனுக்குத் தெரியுமா? பணமோ ஆசிரியர்களும் பெற்றோரும் சேர்த்துக் கொடுத்ததாக இருக்கும்.

விளக்கு எரிந்த மணிகளைக் காட்டும் எண்ணி ஒன்று கருவியிலேயே உண்டு. புதிய விளக்குப் பொருத்துபவர்களுக்காக அதைப் பூச்சியமாக்கும் வசதியும் வைத்திருக்கிறார்கள். விளக்கை மாற்றாமல் எண்ணியை மட்டும் மாற்றி விற்பவர்களும் உளர். இதைச் சாமர்த்தியம் என்பார்கள் சிலர். நான் மோசடி என்பேன்.

ஆகவே விற்பவர் இன்றைய ஒளியை அளந்து சொல்ல வேண்டும் என்பதே என் கட்சி. அது பெரிய வித்தையன்று. இருண்ட அறையில் முழு வெள்ளைப் படம் ஒன்றைத் திரையில் விழச் செய்யுங்கள். அதை 9 சம பாகங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் மையத்திலும் லக்ஸ்மானியை வைத்து அளவெடுங்கள். சராசரியைப் படத்தின் பரப்பால் (சதுர மீட்டரில்) பெருக்கினால் லூமென் கிடைத்துவிடும். கைபேசிச் செயலி இதற்குத் துல்லியமானதன்று. ஆனால் ஒரே கைபேசியைக் கொண்டு, ஒரே அளவுப் படத்தில், இரண்டு படவீழ்த்திகளை ஒப்பிட்டுப் பார்க்கலாம். லேசர் அல்லது எல்.இ.டி. ஒளிமூலம் உள்ளவை மெதுவாகவே மங்கும். அவற்றையும் அளந்துவிடுவதில் நட்டமில்லை.

விளக்கின் ஆயுளில் பெரும்பகுதி கழிந்திருந்தால், புதிய விளக்கின் விலையை விசாரித்து, கேட்கும் விலையில் அதைக் குறைக்கச் சொல்லுங்கள். சில கருவிகளுக்கு விளக்கு கிடைப்பதே அரிது. முன்கூட்டியே கேட்டுக்கொள்வது நல்லது. கழற்றிய விளக்கில் பாதரசம் உள்ளது. அதைத் தெருக் குப்பைத்தொட்டியில் போடாமல், மின்னணுக் கழிவு சேகரிப்போரிடம் ஒப்படைக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போதே விளக்கு வெடித்துவிட்டால், மின்சாரத்தை நிறுத்தி, சன்னல்களைத் திறந்துவிட்டு, எல்லோரும் சிறிது நேரம் அறையை விட்டு வெளியே இருங்கள்.