முகட்டிலிருந்து வேயும் கூரைகள்

சைக்கிள் கைப்பிடியில் நாடா சுற்றுவதைப் பற்றி ஒரு கட்டுரையா என்று முகம் சுளிக்கும் நண்பர்களுக்கு முதலில் ஒரு சொல். நெசவிலிருந்தும் தச்சிலிருந்தும் உழவிலிருந்தும் நாம் நூற்றுக்கணக்கில் உவமைகளை எடுத்தாள்கிறோம். பாவு எது, ஊடு எது என்று கேட்டால் நம்மில் பலரிடம் பதில் இல்லை. கைவேலையை உவமையாக மட்டுமே அறிந்த எழுத்துச் சூழல், அவ்வேலை பிழையாகச் செய்யப்படும்போது அதைப் பிழையென்று காணும் கண்ணையும் இழந்துவிடுகிறது. ஆகவே இக்கட்டுரை.

பந்தயச் சைக்கிளின் ஹேண்டில்பார் ஆட்டுக்கடாவின் கொம்பைப் போல் வளைந்தது. நடுத்தண்டின் இருபுறமும் கிடையாக ஓடும் மேற்பகுதி, அங்கிருந்து முன்னோக்கித் திரும்பி பிரேக் லீவரை அடையும் வளைவு, அதன்பின் கீழிறங்கி ஓட்டுபவரை நோக்கித் திரும்பும் கீழ்வளைவு என அதற்கு மூன்று இடங்கள். இம்மூன்றையும் மூடுவது ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் அகலமும் பக்கத்துக்கு இரண்டு மீட்டர் அளவு நீளமும் கொண்ட ஒரு நாடா. முன்பு பருத்தித் துணி, பின்னர் பிளாஸ்டிக், அதன்பின் தக்கைத் தூள் கலந்த நுரை, இன்று பெரும்பாலும் செயற்கை நுரையும் பாலியூரித்தேனும். இந்த நாடாவை எங்கே தொடங்கி எங்கே முடிப்பது என்பதே வழக்கு.

கீழ்முனையில் தொடங்கி மேலேறி, நடுத்தண்டின் அருகே இன்சுலேஷன் டேப்பால் கட்டி முடிப்பது ஒரு கட்சி. நடுத்தண்டருகே தொடங்கிக் கீழிறங்கி, நுனியைக் குழாய்க்குள் செருகி அடைப்பானால் மூடிவிடுவது மறு கட்சி. இரண்டாவது முறையில் கறுப்பு டேப்பின் அசிங்கம் கண்ணில் படாது. வேலையும் சீக்கிரம் முடியும். எனவே சில கடைகளுக்கு இது உவப்பானது. என் வழக்கு இந்த இரண்டாவது கட்சியின் மீதே.

சென்ற மழைக்காலத்தில் சென்னையிலிருந்து செஞ்சிக்கோட்டைக்குப் புறப்பட்டேன். புறப்படுவதற்கு முன் நகரத்துக் கடையொன்றில் புது நாடா சுற்றியிருந்தேன். பெயர் வேண்டாம். மேலிருந்து கீழாகச் சுற்றிய நாடா, பார்க்க வெகு நேர்த்தி. திண்டிவனத்தில் மேற்கே திரும்பியதும் மழை பிடித்தது. வல்லத்தை நெருங்கும்போது வலப்பக்க வளைவில் நாடாவின் விளிம்புகள் ஒவ்வொன்றாகச் சுருண்டெழுந்தன. வேகத்தடை ஒன்றின் முன் பிரேக்கை அழுத்தக் கையை நகர்த்தினேன். நாடா உள்ளங்கையோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு முன்னே போயிற்று. விழவில்லை. ஆனால் விழாததற்கு என் திறமை காரணமன்று.

வல்லத்தில் பஞ்சர் கடை வைத்திருந்த பெரியவர் இத்தகைய ஹேண்டில்பாரை அதற்குமுன் கையாண்டதில்லை என்றார். நாடாவைப் பிரித்துப் பார்த்துவிட்டு ஒரு கேள்விதான் கேட்டார்: “கூர வேயறவன் மோட்டுலேர்ந்தா சார் ஆரம்பிப்பான்?”

இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. ஆயினும் எதிர்க்கட்சிக்காகச் சொல்கிறேன். கீற்றுக் கூரையைத் தாழ்ந்த விளிம்பில் தொடங்கி முகட்டை நோக்கியே வேய்வார்கள். மேல்வரிசை கீழ்வரிசையின் தலையை மூடும். வழிந்துவரும் நீர் ஒரு விளிம்புக்குள்ளும் புகாமல் அடுத்ததன் முதுகில் இறங்கும். ஹேண்டில்பாரில் நீரின் இடத்தில் இருப்பது உள்ளங்கை. நெடுந்தூரம் ஓட்டுபவரின் கை மேற்பகுதியிலிருந்து வளைவின் வழியே பிரேக் லீவரை நோக்கி, உடல் எடையுடன், நாளெல்லாம் தள்ளிக்கொண்டிருக்கிறது. கீழிருந்து சுற்றிய நாடாவில் கை ஒரு சுற்றின் முதுகிலிருந்து அடுத்ததன் முதுகுக்கு இறங்கிச் செல்கிறது. மேலிருந்து சுற்றியதிலோ ஒவ்வொரு விளிம்பும் கைக்கு எதிராக வாய் திறந்து நிற்கிறது. பசை எவ்வளவு நல்லதாயினும் வியர்வையும் மழையும் அதை வென்றுவிடும்.

நிற்க. பெரியவரை ஞானியாக்கிவிட்டு ஊர் திரும்புவது நம் கட்டுரைகளின் வழக்கம். நான் அதைச் செய்யப்போவதில்லை. ஏனெனில் அவரும் ஒரு பிழை செய்தார். பின்னாலிருந்து பார்க்கையில் இரு முனைகளிலும் கடிகார முள் செல்லும் திசையிலேயே சுற்றிவிட்டார். மறுநாள் திரும்பும் வழியில் இடப்பக்கக் கீழ்வளைவு தளர்ந்தது. அதே பக்கத்து மேற்பகுதி இறுகியே இருந்தது. வலப்பக்கத்தில் நேர்மாறு: கீழ்வளைவு உறுதி, மேற்பகுதி தளர்ச்சி.

இது தற்செயலன்று. கீழ்வளைவைப் பிடிக்கும் கை தன்னையறியாமல் வெளிப்புறமாக முறுக்குகிறது. ஆகவே அங்கே வலப்பக்க நாடா கடிகாரத் திசையிலும் இடப்பக்கம் அதற்கு எதிராகவும் சென்றால், முறுக்க முறுக்க இறுகும். ஆனால் அதே சுற்று தொடர்ந்து மேற்பகுதியை அடையும்போது, குழாயின் முதுகின்மேல் ஓட்டுபவரிடமிருந்து முன்னோக்கிச் செல்வதாகிவிடுகிறது. மேற்பகுதியைப் பிடிக்கும் கையோ தன்னை நோக்கி இழுக்கிறது. கீழே இறுக்கும் திசை மேலே தளர்த்தும் திசை. பிரேக் லீவரைச் சுற்றி எட்டு வடிவில் ஒருமுறை குறுக்கே எடுத்துச் சென்று திசையை மாற்றுபவர்கள் இதனாலேயே மாற்றுகிறார்கள். எட்டு போட விரும்பாதவர்கள் லீவரின் பட்டையை ஒரு சிறு துண்டு நாடாவால் மறைத்துவிட்டு நேரே மேலேறுகிறார்கள். அப்படியானால் எந்தத் திசையில் தொடங்குவது? ஒரே விடையை வேதம்போல் ஒப்பிப்பவர்கள் என் இரண்டாவது எதிரிகள். உங்கள் கை அதிக நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்காமல் திசை சொல்பவர், நோயாளியைப் பாராமல் மருந்து எழுதுகிறவர்.

எதிர்க்கட்சிக்கு ஒரு நியாயம் உண்டு, மறைக்கவில்லை. ஓடுதளப் பந்தயத்தில் கீழ்வளைவை மட்டுமே பற்றி ஓட்டுபவருக்கு மேற்பகுதியில் கை நகர்வதே இல்லை. பசையற்ற பருத்தி நாடாவை மேலிருந்து தொடங்கி, முதல் நுனியைத் தானே மூடிக்கொள்ளச் செய்து, கடைசி நுனியைக் குழாய்க்குள் அடைப்பது அவர்களிடம் பழைய, மதிப்புள்ள முறை. பருத்தி நாடாவின்மேல் அரக்குக் கரைசலைப் பூசி இறுக்கும் வழக்கமும் மேலைநாட்டு ஆர்வலர்களிடம் உண்டு. அரக்கோ ஜார்க்கண்ட், சத்தீஸ்கர் காடுகள் பெயர்பெற்ற சரக்கு. அந்த முறை அங்கே சரி. ஏன் சரி? அங்கும் அது கையைக் கேட்டே பிறந்தது. நம் கடைக்காரர் அதன் நேர்த்தியை மட்டும் எடுத்துக்கொண்டு, காரணத்தை அங்கேயே விட்டுவிட்டார்.

இதெல்லாம் வசதி படைத்தோர் விளையாட்டு என்பது அடுத்து வரும் மறுப்பு. தமிழகத்தில் 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்காகத் தொடங்கி, 2005-06இல் விரிவாக்கப்பட்ட விலையில்லா மிதிவண்டித் திட்டத்தின் சைக்கிள்களில் நாடா கிடையாது, கைப்பிடி உறைதான். அந்த உறை கிழிந்து, குழாயின் இரும்பு வாய் வெளியே தெரியும் சைக்கிள்களை எந்த ஊர்ப் பள்ளி வாசலிலும் காணலாம். சிறுவர்கள் விழும்போது ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தி உள்ளுறுப்புகள் காயமுறுவது மருத்துவர்கள் நன்கறிந்த விபத்து. பந்தய விதிகள் முனையை அடைக்கக் கட்டாயப்படுத்துகின்றன. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு அந்த விதி இல்லை. கண்ணுக்குப் புலப்படாததால் அலட்சியம் செய்யப்படுவதில் விலையுயர்ந்த சைக்கிளும் விலையில்லாச் சைக்கிளும் ஒன்றே.

நெடும்பயணத்தின் கணக்கும் உண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்திலும் 600 கிலோமீட்டரை நாற்பது மணி நேரத்திலும் முடிக்கவேண்டிய பிரெவே பயணங்களில் நம்மவர் பலர் பங்கேற்கிறார்கள். அவர்களுள் சிலர் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போய் வீடு திரும்புகிறார்கள். உள்ளங்கையின் வெளியோரமாகச் செல்லும் நரம்பு நசுங்குவதன் விளைவு அது. நாடா மட்டுமே அதைக் குணப்படுத்திவிடாது. ஆனால் சீரான மேற்படிதலோடு சுற்றிய நாடாவுக்கும், அங்கே மெலிந்து இங்கே முடிச்சாய்ப் புடைத்த நாடாவுக்கும் உள்ள வேறுபாடு முந்நூறாவது கிலோமீட்டரில் தெரியும். கடையில் நிற்கும்போது தெரியாது.

பார்ப்பவன் கடையில் ஐந்து நிமிடம் நிற்கிறான். பிடிப்பவன் பொழுதெல்லாம் பிடிக்கிறான். ஐந்து நிமிடக்காரனுக்காக ஒரு பொருளைச் செய்துவிட்டு அதை அழகு என்று அழைப்பதுதான் என் ஆட்சேபம். இப்போது என் சைக்கிளில் நாடா கீழிருந்து மேலேறுகிறது. இருபுறமும் கண்ணாடிப் பிம்பமாக. லீவரருகே ஓர் எட்டு. நடுத்தண்டின் இருபக்கமும் கறுப்பு இன்சுலேஷன் டேப் அப்பட்டமாகத் தெரிகிறது. அதை மறைக்கும் எண்ணம் எனக்கில்லை.