நம்ம மூஞ்சி, நம்ம கை

நெடுங்காலம் நம்மைப் படமெடுத்தவர்கள் அடுத்தவர்கள்தான். சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், பிராமணர் முதல் பறையர் வரை மண்டையையும் மூக்கையும் இடுக்கி வைத்து அளந்தவர். 1909இல் அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகளாக வந்தது. அதில் சாதியின் 'மாதிரி'யாகத்தான் நம்ம சனங்க நிக்கிறாங்க, ஆளாக இல்லை.

தென்னாப்பிரிக்க வெள்ளை அரசு இதை இன்னும் கொடூரமாகச் செய்தது. 1952ஆம் ஆண்டுச் சட்டப்படி 16 வயது தாண்டிய கருப்பர்கள் புகைப்படமும் கைரேகையும் கொண்ட பாஸ் புத்தகத்தோடுதான் நடமாட வேண்டும். இல்லையென்றால் சிறை. புகைப்படம் அங்கே விலங்கு.

அந்த மண்ணில் 1972இல் பிறந்தவர் ஜனேலே முஹோலி. 2012 முதல் கேமராவைத் தன் பக்கமே திருப்பி வைத்துத் தன்னைத் தானே படமெடுத்து வருகிறார். வெள்ளையர் வீட்டில் 42 ஆண்டுகள் வேலை செய்தவர் அவருடைய அம்மா பெஸ்டர். அம்மாவின் பெயரைச் சூட்டிய ஒரு படத்தில், துணி உலர்த்தும் கிளிப்புகளே முஹோலியின் கிரீடம், காதணி. அடிமை வேலையின் சாமான் அங்கே அரசியின் நகையாகிவிடுகிறது. அச்சில் தன் தோலை இன்னும் கருப்பாக்குகிறார். கருப்பை மறைக்கவில்லை, கூட்டுகிறார்.

இங்கே என்ன நடக்குது? வங்கியில் நான் தினமும் பார்க்கும் விண்ணப்பங்களில், எதிரே நிற்கும் அக்கா ஒரு நிறம், ஒட்டியிருக்கும் படம் ஒரு நிறம். கேட்டால், "ஸ்டுடியோக்காரரே வெளுப்பாக்கிட்டாருங்க சார்" என்கிறார்கள். இப்போது செல்போனே அந்த வேலையைச் செய்கிறது. கேமரா நம்ம கைக்கு வந்தாச்சு. கண்ணு மட்டும் இன்னும் அவன் கண்ணாவே இருக்கு.

"பஞ்சமி நிலத்துக்குப் போராடுற நேரத்துல போட்டோ எதுக்குத் தோழர்?" என்று சிலர் கேட்கலாம். 2017இல் குஜராத்தின் லிம்போதராவில் மீசை வைத்ததற்காகத் தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டதாகப் புகார் எழுந்தது. உடனே பல ஊர்த் தலித் இளைஞர்கள் முறுக்கிய மீசையோடு தங்களைத் தாங்களே படமெடுத்துப் பரப்பினார்கள். நிலம் மட்டுமல்ல, மூஞ்சியும் பறிக்கப்பட்டதுதான் தோழர்களே. இரண்டையும் சேர்த்தேதான் மீட்க வேண்டும்.

அடுத்த இதழுக்கு உங்கள் படத்தை நீங்களே எடுத்து அனுப்புங்கள். பறையோ, அரிவாளோ, பாட்டியின் கூடையோ, படித்த புத்தகமோ, எது உங்களைச் சொல்லுமோ அது பக்கத்தில் இருக்கட்டும். வெளுக்க வேண்டாம். சிரிக்கச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. படத்துக்குக் கீழே உங்கள் பெயரை உங்கள் கையெழுத்திலேயே எழுதுங்கள். அப்படியே அச்சேற்றுகிறோம்.

— ஆசிரியர்