தொழுவச் சுவரில் ஒரு சிலுவைக்கல்

வேல்ஸ் நாட்டின் ஆதிக் கிறித்தவக் கற்களைத் தொல்லியலாளர் நாஷ்-வில்லியம்ஸ் 1950-இல் நூலாகத் தொகுத்தபோது பட்டியல் நானூறைத் தாண்டியது. இறந்தவர் பெயரை லத்தீனிலும் ஓகம் என்ற பழைய எழுத்தின் கீறல்களிலும் சொல்லும் நினைவுக் கற்கள், பின்னல் வேலைப்பாடு கொண்ட சிலுவைகள் எனப் பலவகை. அவற்றில் பல, பண்ணைகளில் வாயில் தூணாகவும் தொழுவச் சுவராகவும் ஓடைமேல் பாலமாகவும் உழைத்தவை. இப்படியொரு கல் தென்பட்டால், பெயர்த்தெடுத்து அருங்காட்சியகத்தில் சேர்த்துவிடவே பலருக்கும் தோன்றும். அதைக் கடைசி வழியாக வைத்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

காரணம், கல் கிடந்த இடமும் ஒரு சான்று. ஆளுயரக் கல்லை எந்த உழவரும் வீணாக வெகுதூரம் இழுத்து வந்திருக்க மாட்டார்; அழிந்துபோன சிற்றாலயமோ இடுகாடோ பக்கத்தில் இருந்திருக்கவே வாய்ப்பு அதிகம். ஸ்காட்லாந்தின் ஹில்டன் ஆஃப் காட்போல் சிலுவைக்கல் பண்ணையில் கிடைத்ததல்ல. ஆனாலும் இடத்தின் மதிப்பை அதைவிடத் தெளிவாகக் காட்டும் கல் இல்லை. சுமார் 800-இல் பிக்ட் இனத்தார் வடித்தது அது. 1676-இல் சிலுவை இருந்த முகத்தைச் செதுக்கித் தள்ளிவிட்டு அதைக் கல்லறைக் கல்லாக்கினார்கள். பிறகு ஒரு மாளிகைத் தோட்டம், 1921-இல் லண்டன், எதிர்ப்பு எழுந்தபின் எடின்பரோ என அலைந்தது. அது நின்ற சிற்றாலயத்தின் இடம் மட்டும் மறக்கப்படவில்லை. அதனால்தான் 2001-இல் அங்கே தோண்டியபோது கல்லின் அடிப்பகுதி மண்ணிலிருந்து வெளிப்பட்டது. அழித்த முகத்தின் சில்லுகளும் ஆயிரக்கணக்கில் அங்கே கிடைத்தன.

மாடு உரசுகிற இடத்தில் விட்டுவைப்பது அலட்சியம் இல்லையா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. வேல்ஸின் மார்கம் அருகே நடைபாலமாகக் கிடந்த சிலுவைக்கல் காலடி பட்டே தேய்ந்தது. அத்தகைய கல்லை உடனே எடுத்துவிட வேண்டும். ஆனால் கூரைக்குக் கீழே, உலர்ந்த சுவருக்குள் அசையாமல் இருக்கும் கல்லை மழையிலிருந்தும் உறைபனியிலிருந்தும் காத்துவருவது அந்தச் சுவர்தான். அதற்குக் கடப்பாரையே பெரிய ஆபத்து. உரிமையாளர் விற்றுவிட்டால் என்ற அச்சத்தையும் தள்ளிவிட முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் நாடுகளின் புதையல் சட்டம் உலோகப் பொருள்களைச் சுற்றியே அமைந்தது. தனியே கிடைக்கும் செதுக்கிய கல் அதற்குள் வராது. ஆகவே கல்லை அளந்து, முப்பரிமாணப் படமெடுத்து, எந்தச் சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பதிந்து, கட்டடத்தோடு சேர்த்துப் பாதுகாப்புப் பட்டியலில் ஏற்றுவது அரசின் கடமை. பழைய தொழுவங்கள் குடியிருப்புகளாக மாறிவருகின்றன. இடிக்க அனுமதி கொடுக்கும் முன் ஒரு தொல்லியலாளர் அந்தச் சுவர்களைப் பார்த்துவர வேண்டும்.