விசை விடப்படும் கணம்

ஒரு பட்டனை அழுத்துவது கெர்னலுக்கு இரண்டு நிகழ்வுகள்: விசை இறங்கியது, விசை எழுந்தது. லினக்ஸின் இன்புட் அடுக்கில் முதலாவதன் மதிப்பு 1, இரண்டாவதன் மதிப்பு 0. விரலை எடுக்காமல் பிடித்திருக்கும்போது தானாகத் தோன்றும் மறுநிகழ்வுக்கு 2. டிரைவர் எழுதுவோரின் கவனம் இயல்பாகவே முதல் நிகழ்வில் குவிகிறது. அழுத்தியதும் திரையில் ஏதோ நடந்தால் வேலை முடிந்ததாகத் தோன்றிவிடுகிறது. பழுதுகள் காத்திருப்பது இரண்டாவதில். ஒலியளவு தானாக ஏறிக்கொண்டே போவதும், ஒரு தட்டலுக்கு மெனு இரண்டு படி நகர்வதும், உறக்கத்திலிருந்து எழுந்த கருவி தன்னை எழுப்பிய பட்டனையே மறந்துவிடுவதும் விடுப்பைச் சரியாகக் கையாளாததன் விளைவுகள். சுவரில் பதித்த பட்டனும் சோபாவில் கிடக்கும் ரிமோட்டும் இந்த ஒரு புள்ளியில்தான் அடிப்படையில் வேறுபடுகின்றன. பட்டன் தான் விடப்பட்டதைச் சொல்கிறது, ஆனால் தெளிவில்லாமல் சொல்கிறது. ரிமோட் அதைச் சொல்வதே இல்லை.

பட்டனின் நிலை மாறும்போது ஜிபிஐஓ முனையின் மின்னழுத்தம் மாறுகிறது, அந்த விளிம்பில் இன்டரப்ட் எழுகிறது. உலோகத் தொடுமுனைகள் சேரும்போதும் பிரியும்போதும் சிறிது நேரம் துள்ளுவதால், ஒரே அழுத்தத்துக்குப் பல இன்டரப்டுகள் வரும். இதைத் தீர்க்கும் முறை எளியது. ஒவ்வொரு விளிம்பிலும் டைமரை மறுபடி முடுக்க வேண்டும். விளிம்புகள் ஓய்ந்து டைமர் முடிந்த பிறகு முனையின் நிலையைப் படித்து, படித்ததை அப்படியே அறிவிக்க வேண்டும். கெர்னலில் உள்ள 'ஜிபிஐஓ-கீஸ்' டிரைவர் இதைத்தான் செய்கிறது. டிவைஸ் ட்ரீயில் வேறு எண் தராவிட்டால் அது காத்திருப்பது 5 மில்லிவினாடி. ஜிபிஐஓ கட்டுப்படுத்தியிலேயே வடிகட்டும் வசதி இருந்தால் முதலில் அதைக் கேட்டுப் பார்க்கும். இல்லையென்றால் மென்பொருள் வழிக்குத் திரும்பும்.

விளிம்புகளை எண்ணி, ஒற்றைப்படை என்றால் அழுத்தம், இரட்டைப்படை என்றால் விடுப்பு என்று நிலையை மாற்றிக்கொண்டே போகும் டிரைவர்களும் எழுதப்படுகின்றன. ஒரு விளிம்பு தவறினால் போதும், அன்றிலிருந்து அந்தப் பட்டன் தலைகீழாகவே வேலை செய்யும். நிலையைப் படித்து அறிவிக்கும் டிரைவர் ஒரு முறை தவறினாலும் அடுத்த முறை தானே சரியாகிவிடும். முன்பு அறிவித்த அதே மதிப்பை மீண்டும் அறிவித்தால் இன்புட் மையம் அதைப் பேசாமல் கைவிடுவதால், மிகையாக அறிவிப்பதில் கேடு எதுவும் இல்லை.

பெரும்பாலான பலகைகளுக்குப் பட்டன் டிரைவர் புதிதாக எழுதவே தேவையில்லை. எந்த முனை, எந்தக் கீகோடு, அழுத்தும்போது மின்னழுத்தம் தாழுமா உயருமா, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்ற நான்கு செய்திகளை டிவைஸ் ட்ரீயில் எழுதினால் 'ஜிபிஐஓ-கீஸ்' மற்றதைப் பார்த்துக்கொள்ளும். இன்டரப்ட் வசதி இல்லாத முனைகளுக்கு, இடைவெளி விட்டு முனையைப் படித்துப் பார்க்கும் 'போல்டு' வடிவமும் உண்டு. மறுஆய்வுக்கு வரும் புதிய பட்டன் டிரைவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, அது ஏன் இருக்க வேண்டும் என்பதே. விசைகளைத் தனி மைக்ரோகன்ட்ரோலர் ஒன்று படித்து ஐ2சி வழியே சொல்லும் பலகை போன்றவற்றுக்கு நியாயமான விடை உண்டு.

அப்படி எழுத நேரும்போது வரிசைதான் முக்கியம். முதலில் இன்புட் சாதனத்துக்கு நினைவகம் ஒதுக்க வேண்டும். அடுத்து, எந்தெந்த விசைகளை அது அனுப்பும் என்று அறிவிக்க வேண்டும். அறிவிக்காத விசையை இன்புட் மையம் மேலே விடாது. டைமரைத் தயார் செய்துவிட்டு, அதன் பிறகே இன்டரப்டைக் கேட்க வேண்டும். கெர்னலுடன் வரும் ஆவணத்தின் எளிய எடுத்துக்காட்டு இன்டரப்டை முதலில் வாங்கிவிட்டுச் சாதனத்தைப் பிறகு ஒதுக்குகிறது. பாடமாக அது தெளிவானது, படியெடுக்க உகந்ததல்ல. இரண்டு வரிகளுக்கும் இடையே யாராவது பட்டனை அழுத்தினால் டிரைவர் வெற்றுச் சுட்டியைத் தொட்டுவிடும். ஒதுக்கிய சாதனம் பதிவாகும் முன்பே அதில் நிகழ்வை அறிவிப்பது பாதுகாப்பானது. அந்த நிகழ்வு யாரையும் சென்றடையாது, அவ்வளவே. ஆகவே இன்டரப்டைப் பதிவுக்கு முன் வாங்கலாம், ஒதுக்கலுக்கு முன் வாங்கக் கூடாது. கழற்றும்போது இதே வரிசை தலைகீழாகும்: இன்டரப்ட் முதலில் போக வேண்டும், ஓடிக்கொண்டிருக்கும் டைமர் முடியும் வரை காத்திருந்து நிறுத்த வேண்டும், சாதனம் கடைசியில் போக வேண்டும்.

ஒவ்வொரு அறிவிப்புத் தொகுப்புக்கும் பின் 'சிங்க்' நிகழ்வு அனுப்பப்பட வேண்டும். அது வரும் வரை பயனர் பக்கம் தொகுப்பு முழுமையடையாது. தானியங்கி மறுநிகழ்வை டிரைவர் தானே உருவாக்கத் தேவையில்லை. அந்த வசதி வேண்டும் என்று ஒரு பிட்டை வைத்தால், இன்புட் மையம் 250 மில்லிவினாடி பொறுத்து, பிறகு 33 மில்லிவினாடிக்கு ஒரு முறை 2 என்ற மதிப்பை அனுப்பும். விடுப்பு வரும் வரை அது நிற்காது என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

உறக்கத்திலிருந்து எழுப்பும் பட்டன் தனிக் கவனம் கேட்கிறது. கருவி விழித்து இன்டரப்ட் கையாளி ஓடத் தொடங்குவதற்குள் விரல் எடுக்கப்பட்டிருக்கலாம். அப்போது முனையைப் படித்தால் கிடைப்பது விடுபட்ட நிலை. அது ஏற்கெனவே 0 என்பதால் இன்புட் மையம் அறிவிப்பைக் கைவிடும், எழுப்பியது எது என்பது யாருக்கும் தெரியாமல் போகும். 'ஜிபிஐஓ-கீஸ்' இதற்காகவே, உறக்க நிலையில் இன்டரப்ட் வந்தால் முனையைப் பார்க்காமல் முதலில் 1 என்று அறிவித்துவிடுகிறது. தனி டிரைவர் எழுதுவோர் பலரும் தவறவிடும் சில வரிகள் இவை.

அகச்சிவப்பு ரிமோட்டில் கம்பி இல்லை. பெரும்பாலும் 36 முதல் 40 கிலோஹெர்ட்ஸ் வரையிலான தாங்கு அலையில் ஒளி துடிக்கிறது. டிஎஸ்ஓபி வகை ஏற்பி அந்த அலையை வடிகட்டிவிட்டு, ஒளித்துடிப்பு இருக்கும்போது தாழ்ந்தும் இல்லாதபோது உயர்ந்தும் நிற்கும் ஒரே கோட்டைத் தருகிறது. இனி எல்லாம் அந்தக் கோட்டின் கால அளவுகள்தாம். பரவலாக உள்ள என்இசி முறையில் 9 மில்லிவினாடி பல்ஸ், 4.5 மில்லிவினாடி இடைவெளி, பிறகு 32 பிட்கள். ஒவ்வொரு பிட்டும் சுமார் 562 மைக்ரோவினாடி பல்ஸில் தொடங்கும். தொடரும் இடைவெளியும் அதே அளவு என்றால் பிட் 0, அதைப் போல் மூன்று மடங்கு என்றால் 1. முகவரி, அதன் தலைகீழ், கட்டளை, அதன் தலைகீழ் என்பது மூல அமைப்பு. விசையைப் பிடித்தே இருந்தால் ரிமோட் முழுச் செய்தியை மறுபடி அனுப்பாது. ஏறக்குறைய 110 மில்லிவினாடிக்கு ஒரு முறை 9 மில்லிவினாடி பல்ஸும் 2.25 மில்லிவினாடி இடைவெளியும் ஒரு குறும்பல்ஸும் கொண்ட 'இன்னும் பிடித்திருக்கிறது' என்ற குறியை மட்டும் அனுப்பும்.

விரலை எடுத்ததும் ரிமோட் அமைதியாகிவிடுகிறது. விடுப்புக்கு உள்ள ஒரே சான்று அந்த அமைதிதான், ஆகவே அதை ஊகித்தாக வேண்டும். ரிமோட்டுகளுக்கான கெர்னலின் பொது அடுக்கான ஆர்சி மையம் நெடுநாள் எல்லா முறைகளுக்கும் ஒரே 250 மில்லிவினாடிக் கெடு வைத்திருந்தது. இன்புட் மையத்தின் மறுநிகழ்வுத் தாமதமும் 250 மில்லிவினாடி என்பதால் இரண்டும் மோதின: ஒரு முறை தட்டிய விசை, விடுப்பு அறிவிக்கப்படும் முன்பே மறுநிகழ்வாகவும் பதிவாகக்கூடிய நிலை. அதனால் ஆர்சி மையம் தன் சாதனங்களுக்கு முதல் தாமதத்தை 500 மில்லிவினாடியாகவும், 110 மில்லிவினாடிக்கு ஒரு முறை வரும் குறியை 33 மில்லிவினாடியில் எதிர்பார்ப்பது பொருந்தாது என்பதால் மறுநிகழ்வு இடைவெளியை 125 ஆகவும் மாற்றியது. பின்னர் விடுப்புக் கெடுவும் முறைக்கேற்பக் கணக்கிடப்பட்டது. என்இசிக்கு 110, ஆர்சி-5க்கு 114 மில்லிவினாடி அடிப்படை, அதனுடன் ஏற்பியின் காத்திருப்பு நேரம் சேரும்.

பிலிப்ஸின் ஆர்சி-5 மறுநிகழ்வுக்குத் தனிக் குறி வைக்காமல் செய்தியையே திரும்ப அனுப்புகிறது. அதே விசை இரண்டாவது முறை அழுத்தப்பட்டதா, பிடித்தே இருக்கிறதா என்பதைப் பிரித்தறிய, ஒவ்வொரு புதிய அழுத்தத்துக்கும் மாறும் ஒரு பிட் அதில் உண்டு. ஒற்றைப் பிட்டில் இவ்வளவு பெரிய ஐயம் தீர்கிறது. என்இசியில் அது இல்லாதிருப்பது இன்றும் உணரப்படும் குறை. ஆர்சி மையத்திடம் விசையை அறிவிக்கும் அழைப்பு முறையின் பெயர், ஸ்கேன்கோடு, இந்த மாறுபிட் மூன்றையும் கேட்பது இதனால்தான். மாறுபிட்டை எப்போதும் 0 என்று அனுப்பும் டிரைவர், வேகமாக இரண்டு முறை தட்டுவதை ஒரே நீண்ட அழுத்தமாக்கிவிடும்.

இத்தனையையும் டிரைவர் செய்ய வேண்டியதில்லை என்பதுதான் 2010க்குப் பின் வந்த பெரிய ஆறுதல். அதற்கு முன் அகச்சிவப்பு ரிமோட்டுகளுக்கான லிர்க் திட்டம் கெர்னல் மரத்துக்கு வெளியே இருந்தது. தொலைக்காட்சி அட்டைகளின் டிரைவர்கள் தத்தம் வழியில் குறிகளைப் பிரித்துக்கொண்டிருந்தன. அந்த ஆண்டில் மௌரோ கார்வாலோ செஹாப் முதலியோரின் உழைப்பில் பொது மையமான ஆர்சி மையம் உருவானது. இப்போது டிரைவரின் வேலை ஒன்றே: விளிம்பு வந்ததும் அதன் நேரத்தையும் திசையையும் வரிசையில் சேர்ப்பது. பிரித்தறிவது தனி கெர்னல் இழையில் நடக்கிறது. யாரும் அறியாத முறையைப் பேசும் ரிமோட்டுக்கும் கெர்னலைத் தொட வேண்டாம். 2018இல் வெளிவந்த 4.18 பதிப்பு முதல் பிபிஎஃப் நிரலாக எழுதி ஏற்றலாம். டிரைவருக்குள்ளேயே என்இசியைப் பிரிக்கும் நிரல் இன்று மறுஆய்வைத் தாண்டக் கூடாது.

டிரைவரிடம் எஞ்சியிருக்கும் பொறுப்பு நேரத்தின் துல்லியம். கெர்னலின் என்இசி பிரிப்பி பிட் பல்ஸில் அரை அலகு, அதாவது 280 மைக்ரோவினாடி அளவுக்கே பிசகைப் பொறுக்கும். சிபியு ஆழ்ந்த உறக்கநிலையிலிருந்து எழ எடுக்கும் நேரமே அதைத் தின்றுவிடலாம். அதனால்தான் 'ஜிபிஐஓ-ஐஆர்-ரெசிவ்' டிரைவரில், குறி வரத் தொடங்கியதும் சிபியு ஆழ்ந்து உறங்காமல் தடுத்து, சற்று நேரம் கழித்துத் தடையை விலக்கும் ஏற்பாடு உள்ளது. டிவைஸ் ட்ரீயில் கேட்டால்தான் அது இயங்கும். பகலில் சோதனை மேசையில் ஒழுங்காக ஓடிய ரிமோட், கருவி சும்மா இருக்கும் நேரத்தில் மட்டும் தவறுவதாகப் புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. ஐ2சி விரிவாக்கியின் முனையில் ஏற்பியை இணைப்பதும் இதே காரணத்தால் தவறு: பட்டனுக்குப் போதுமான ஐ2சியின் வேகம், விளிம்பின் நேரத்தைக் காப்பாற்றப் போதாது.

ஸ்கேன்கோடைக் கீகோடாக மாற்றும் அட்டவணையைப் பயனர் பக்கத்திலிருந்தே மாற்ற முடியும். டிரைவர் அதைத் தன்னுள் பூட்டி வைக்கக் கூடாது. அட்டவணையில் இல்லாத விசைக்கும் ஸ்கேன்கோடு நிகழ்வாக வெளிவருவதால், 'ஐஆர்-கீடேபிள்' கருவியைக் கொண்டு புதிய ரிமோட்டைப் பழக்கலாம். எண் தேர்விலும் ஒரு கண் வேண்டும். ரிமோட்டின் 'ஓகே' விசைக்குக் கெர்னல் வகுத்த எண் 352. எக்ஸ்11 நெறிமுறையில் விசை எண் 255ஐத் தாண்டாது. அந்தச் சூழலில் இயங்கும் பெட்டிக்கு 28 என்ற 'என்டர்' தான் பயன்படும்.

சோதனையில் 'ஈவிடெஸ்ட்' திரையைத் திறந்துவைத்து, ஒவ்வொரு 1க்கும் ஒரு 0 வருகிறதா என்று பார்ப்பது முதற்படி. அடுத்து, விசையைப் பிடித்தபடி ரிமோட்டின் முன் கையை வைத்து மறைத்து, கெடு முடிந்ததும் 0 வருகிறதா என்று பார்க்க வேண்டும். பட்டனைப் பிடித்தபடி கருவியை உறங்கவைத்தும், மாட்யூலைக் கழற்றியும் பார்க்க வேண்டும். அழுத்தப்பட்டிருக்கும் விசைகளை இரண்டு சூழலிலும் இன்புட் மையமே விடுவிக்கும், டிரைவரின் டைமர் அதற்குப் பின்னும் ஓடி 1 என்று அறிவித்தால் நிறுத்தும் வரிசை பிழை. கடைசியாக, நிகழ்வுகளைப் படிக்கும் நிரலை வேண்டுமென்றே தாமதப்படுத்திப் பார்க்க வேண்டும். இடைத்தேக்கம் நிரம்பினால் 'சின் டிராப்ட்' என்ற குறி வரும். தொலைந்தவற்றில் ஒரு விடுப்பும் இருந்திருக்கலாம் என்பதால், அந்தக் குறியைக் கண்ட நிரல் எல்லா விசைகளின் நடப்பு நிலையையும் கெர்னலிடம் மறுபடி கேட்டுப் பெற வேண்டும்.