நகராத விரலுக்காக

சென்ற கிறிஸ்து பிறப்பு விழாவில் எங்கள் பள்ளிப் பாடகர் குழு மேடையேறியது. நாங்கள் அறுவர் பின்வரிசையில் ஆல்டோ குரலில் நின்று பாடினோம். விழா முடிந்து வெளியே வந்ததும் எங்களுள் ஒருத்தியின் தாயார் அவளைத் தூண் மறைவுக்கு அழைத்துச் சென்று, “ஏன் கண்ணு, உனக்கு மட்டும் மெட்டு வரலியா? ஒரே எடத்துலயே நின்னுட்டியே!” என்று மெல்லக் கேட்டார்களாம். அவள் வந்து சொன்னபோது நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

இப்போது அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை. அடுத்த ஆண்டு முதல் ஆல்டோ வரிசையே வேண்டாம், எல்லாரும் மெட்டையே பாடட்டும், கீபோர்டுக்குப் பதிலாகப் பதிவு செய்த இசையை ஒலிபெருக்கியில் போட்டுக்கொள்ளலாம் என்றொரு பேச்சு அடிபடுகிறது. நாங்கள் பத்தாம் வகுப்பு. அரசுத் தேர்வை எழுதிவிட்டுப் போகப் போகிறவர்கள். எங்களுக்கு இதனால் இலாபமுமில்லை, நட்டமுமில்லை. ஆயினும் இந்த ஆண்டு மலரில் கிடைத்த இரண்டு பக்கத்தை இதற்கே செலவிடுவது என்று முடிவு செய்தோம்.

முதலில் ஒரு விளக்கம். கார்டு என்று நாங்கள் கூறுவது அஞ்சல் அட்டையை அன்று. மூன்று அல்லது நான்கு சுரங்களை ஒருசேர ஒலிக்கச் செய்வதே கார்டு. சங்கராபரண இராகத்தின் ஏழு சுரங்களை வைத்துக்கொண்டால் ச, க, ப சேர்ந்தது ஒரு கார்டு. த, ச, க மற்றொன்று. ம, த, ச இன்னொன்று. ப, நி, ரி, ம என்பது நான்கு சுரங்கள் கொண்டது. எங்கள் விழாப் பாடல் முழுவதும் இந்த நான்கு கார்டுகளிலேயே சுழல்கிறது. எத்தனையோ திரைப்பாடல்களும் அப்படியே.

எட்டாம் வகுப்பில் நாங்கள் வாசிக்கத் தொடங்கியபோது ஒவ்வொரு கார்டுக்கும் கையைத் தூக்கித் தூக்கி வைப்போம். ச க ப முடிந்ததும் கை பறந்துபோய் த மீது உட்காரும், பிறகு ம மீது தாவும். தப்பாமல் வாசித்தாலும் பாட்டு படிக்கட்டில் தடுக்கி விழுவதுபோல் கேட்கும். இசை கற்பிக்கும் அருட்சகோதரி ஒருநாள் பொறுமையிழந்து எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, “இந்த இரண்டு கார்டிலும் பொதுவாக இருப்பது எது?” என்று கேட்டார்கள். விரல் விட்டு எண்ணிப் பார்த்து, “ச, க இரண்டும், சிஸ்டர்” என்றோம். “அப்படியானால் அந்த இரண்டு விரலை ஏன் எடுக்கிறீர்கள்?”

அவ்வளவுதான் பாடம். ச க ப என்று பிடித்த கையில் சுண்டுவிரல் மட்டும் ப-விலிருந்து த-வுக்கு ஏறினால் ச க த. அதுவே இரண்டாம் கார்டு. அடுத்து நடுச்சுரமான க மட்டும் ம-வுக்கு நகர்ந்தால் ச ம த, மூன்றாம் கார்டு. இதுவரை பெருவிரல் ச-வை விட்டு அசையவே இல்லை. நான்காவதற்குப் பெருவிரல் ஒரு படி இறங்கிக் கீழ் நி-க்கு வருகிறது, சுண்டுவிரல் ப-வுக்குத் திரும்புகிறது, நடுவிலுள்ள ம அப்படியே நிற்கிறது. ரி-யை விட்டுவிட்டாலும் குறை தெரிவதில்லை. பின் நி ச-வுக்கும், ம க-வுக்கும் வர, ப நிலைத்து நிற்க, புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டோம். ஒவ்வோர் அடியிலும் குறைந்தது ஒரு சுரமாவது பழைய இடத்திலேயே இருக்கிறது. அதற்குப் பொதுச்சுரம் என்று நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம்.

எங்களோடு விடுதியில் தங்கிப் படிக்கும் தோழி ஒருத்தி கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்தவள். அவள் கேட்டவுடன், “ஓடை தாண்டுற மாதிரிதானே? ஒரு கால் கல்லுல ஊணி இருந்தாத்தான் மறு காலைத் தூக்கணும்” என்றாள். கச்சிராப்பாளையம் தாண்டி மலை ஏறியிராத எங்களுக்கு அவள் சொல்லித்தான் அது விளங்கியது.

ஆர்மோனியத்தில் இந்த உண்மை இன்னும் வெட்டவெளிச்சம். பியானோவில் காலால் மிதியை அழுத்தினால் விரல் எடுத்த பின்னும் ஒலி சற்று நிற்கும். ஆர்மோனியத்திலோ விரல் எழுந்த கணமே சுரம் செத்துவிடும். எங்கள் பள்ளியில் 88 கட்டைப் பியானோ கிடையாது. 61 கட்டைக் கீபோர்டும், பழைய ஆர்மோனியமும்தாம் உண்டு. அதனாலேயே நாங்கள் பொதுச்சுரத்தை நன்றாகக் கற்றோம் என்றுகூடச் சொல்லலாம்.

இது வெள்ளைக்காரர் சங்கதி, நம் இசைக்கு ஒட்டாது என்று உறவினர் ஒருவர் எங்களிடம் வாதாடினார். தம்புராவை அவர் மறந்துவிட்டார். மெட்டு எங்கே அலைந்தாலும் சட்சமமும் பஞ்சமமும் அடியில் அசையாமல் நிற்பது நமக்குப் பழகியதுதானே! பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேலை இசை பயின்றார். 1986-இல் அவர் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்னும் இசைத் தொகுப்பைத் தியாகராஜ சுவாமிகளுக்கும் பாக்குக்கும் சேர்த்தே காணிக்கையாக்கினார். 2025 மார்ச் 8-ஆம் நாள் இலண்டனில் அவருடைய சிம்பொனி அரங்கேறியது. அவருக்கு ஒட்டியது நமக்கு ஒட்டாதா?

அந்தப் பாக் 1722-இல் தொகுத்த நூலின் முதல் பிரெலூடைப் பியானோ கற்பவர் பலரும் வாசித்திருப்பர். முதல் கார்டிலிருந்து இரண்டாவதற்குப் போகையில் மேலே எல்லாம் மாற, அடியில் ச மட்டும் நிற்கிறது. மூன்றாவதற்குப் போகையில் அந்த ச நி-க்கு நழுவுகிறது; இம்முறை ரி-யும் ம-வும் நின்று பிடித்துக்கொள்கின்றன. ஒருவர் போனால் இன்னொருவர் காவல் இருப்பது போல. ஏறத்தாழ நூற்றுமுப்பது ஆண்டு கழித்துச் சார்லஸ் கூனோ என்ற பிரெஞ்சுக்காரர் அதே கார்டுகளின் மேல் ஒரு மெட்டை மிதக்கவிட்டார். 1859-இல் அதற்கு ‘ஆவே மரியா’ செபத்தின் சொற்கள் சேர்ந்தன. நம் கோவில்களில் நாம் கேட்டு உருகும் அந்தப் பாடலின் அடியில் நிற்பவை பாக்கின் நகராத விரல்கள்.

சொப்பேன் 1838-39 குளிர்காலத்தை மயோர்க்காத் தீவில், துறவிகள் விட்டுப்போன ஒரு மடத்தில் கழித்தார். அக்காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் ‘மழைத்துளி’ என்னும் பிரெலூடில் (பெயர் பிறர் வைத்தது) ஒரே கறுப்புக் கட்டை திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. நடுவில் பாட்டின் நிறமே இருண்டுவிடுகிறது. துளி மட்டும் அதே துளி. முன்பு மகிழ்ச்சியாகக் கேட்ட சுரம் இப்போது அச்சமாகக் கேட்கிறது. மலைத்தோழி அதைக் கேட்டுவிட்டு, மழை நாளில் தங்கள் வீட்டு இறவாணத்துச் சொட்டுப் போலவே இருக்கிறது என்றாள். இரண்டு முறை போடச் சொன்னாள்.

எதிர்க்கட்சிக்கும் நியாயம் இல்லாமலில்லை. எல்லாப் பாட்டுக்கும் கார்டு வேண்டுமென்று நாங்கள் சொல்ல மாட்டோம். அத்தோழி தன் ஊர்ப் பாட்டொன்றைப் பாடியபோது ஆசையோடு கார்டு போட்டு அதைக் கெடுத்தோம். அவள் குரல் இழையும் இடமெல்லாம் எங்கள் கார்டுகள் குறுக்கே கட்டைபோட்டு நின்றன. கடைசியில் ச-வையும் ப-வையும் மட்டும் அழுத்திக்கொண்டு வாயை மூடி இருந்தோம். பாட்டுக்கு உயிர் வந்தது. அந்தந்த மக்களின் இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்று 1963-இலேயே இரண்டாம் வத்திக்கான் சங்கம் கூறியிருக்கிறது. அதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். மேலும் பொதுச்சுரத்தை எந்நேரமும் பிடித்துக்கொண்டிருப்பதும் அழகன்று. ம த ச-விலிருந்து ப நி ரி-க்குப் போகையில் பொதுச்சுரம் ஒன்றுகூட இல்லை. எல்லா விரலும் எழும்பியாக வேண்டும். வெற்றி முழக்கம் போன்ற இடத்தில் அந்தத் தாவல்தான் வேண்டியிருக்கிறது.

ஆனால் பதிவு செய்த இசை என்ற யோசனையை மட்டும் எங்களால் ஏற்க முடியவில்லை. காரணம் அந்த விழாவிலேயே நிகழ்ந்தது. இதுவரை யாருக்கும் சொல்லவில்லை. இரண்டாம் சரணத்தில் ஆறாம் வகுப்புச் சிறுமியர் தனியாகத் தொடங்க வேண்டும். முன்வரிசையில் மெழுகுவர்த்தி ஒன்று அணைந்துபோக, அவர்கள் அதையே பார்த்துக்கொண்டு தொடங்க மறந்துவிட்டார்கள். கீபோர்டு வாசித்தவள் எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பெருவிரல் ச-வில் இருந்தது. நாங்களும் ச-வில் இருந்தோம். அவள் எடுக்கவில்லை, நாங்களும் விடவில்லை. ஒருத்தி மூச்சு வாங்கும்போது மற்றவர்கள் பிடித்துக்கொள்வது என்று முறைவைத்துப் பழகியிருந்தோம். க, ப இரண்டும் மெல்ல த-வுக்கும் ம-வுக்கும் போய்ப் போய்த் திரும்பின. அதற்குள் ஒரு சிறுமிக்கு நினைவு வந்து அவள் தொடங்க, மற்றவர்கள் தொற்றிக்கொண்டார்கள். சபையில் ஒருவரும் அறியவில்லை. புது இடையிசை என்று எண்ணிக் கைதட்டியவர்களும் உண்டு. பதிவு செய்த இசையாக இருந்திருந்தால் அது அந்தக் குழந்தைகளை நடுமேடையில் விட்டுவிட்டுப் போயிருக்கும். ஒலிபெருக்கிக்குத் திரும்பிப் பார்க்கத் தெரியாது.

அந்தத் தாயாருக்கும் இப்போது விடை கூறிவிடுகிறோம். அம்மா, உங்கள் மகளுக்கு மெட்டு வரும். நாங்கள் ஒரே இடத்தில் நின்றது அதற்காகவே நிறுத்தி வைக்கப்பட்டதால்.

ஒன்பதாம் வகுப்புத் தங்கைகளுக்கு ஒரு செய்தி. ஆல்டோ வரிசை நிலைக்குமானால் உங்களுக்குத் தேவைப்படும் தாள்கள் இசை அறை அலமாரியின் இரண்டாம் தட்டில் நீல அட்டைக்குள் இருக்கின்றன. மூன்றாம் பக்கத்தில் எங்கள் வரியில் ‘ச ச ச நி ச’ என்றே ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருக்கும். பிழை என்று எண்ணி யாரும் திருத்திவிட வேண்டாம்.